நான்காம் பொருள்: கட்டடம்

கூட்டம் கட்டடத்துக்குள் நடக்கவில்லை.
உள்ளே போகக் கூடாதென்று மாநகர் மன்றம்
சிவப்பும் வெள்ளையுமாய் நாடா கட்டியிருந்தது.
எதிரே கார் நிறுத்துமிடம்,
சீனக் கோயிலில் இரவல் வாங்கிய நாற்காலி அறுபது,
உட்கார்ந்தவர்கள் என்னோடு நாற்பத்தொன்று.
எண்ணியது நான்தான். செயலாளர்.
எண்ணுவதும் எழுதுவதும் என் வேலை,
நினைப்பது அல்ல.

முகப்பில் சிமெண்டில் பதித்த ஆண்டு:
ஒன்று, ஒன்பது, ஓர் ஓட்டை, ஏழு.
இருபத்தேழு என்றார் காதர் மஸ்தான்.
முப்பத்தேழு என்றார் அவர் மைத்துனர்.
ஓட்டைக்குள் ஒரு மைனா குடியிருக்கிறது,
அதைக் கேட்க முடியாது.

இஞ்சினியர் கோவின் அறிக்கை பன்னிரண்டு பக்கம்.
மேற்குச் சுவர் நாலு அங்குலம் தெருவுக்கு வந்துவிட்டது.
மாடி ஜன்னலில் அரசங்கன்று.
வெட்டினால் சுவர் விழும்,
விட்டாலும் விழும்.
பாரம்பரிய எல்லைக்கோடு
அடுத்த சந்தோடு நின்றுவிட்டதால்
அரசாங்கக் காசு வராது.
பன்னிரண்டு அடி தள்ளிக் கட்டியிருக்கலாம்.
செலவு எட்டு லட்சம் வெள்ளி, ஓடு தனி.
சங்கத்தின் கையிருப்பை வாசித்தேன்:
பதினோராயிரத்து இருநூற்று ஆறு.
யாரோ சிரித்தார்கள். அதைக் குறிப்பில் எழுதவில்லை.

சன்னாசி எழுந்தார்.
போன மாதம் ஓடு விழுந்தது அவர் மோட்டாரின் மேல்.
"ஸீட்டுல என் மக உட்கார்ந்திருந்தா?
இடிங்க. நாலு மாடி எழுப்புங்க.
கீழ வாடகை வரட்டும், மேல பிள்ளைங்க படிக்கட்டும்.
செத்த மாட்டுக்கு எதுக்குச் சலங்கை?"

யோகாம்பாள் கை தூக்கவில்லை, நேரே பேசினார்.
வேலைநிறுத்தத்தின் ஐம்பத்து மூன்று நாளும்
அந்தக் கீழ்த்தளத்தில்தான் உலை கொதித்ததாம்.
முந்நூறு பேர் கப்பலுக்கு முதுகைக் காட்டி
தட்டோடு வரிசையில் நின்றார்களாம்.
"அந்த வரிசையையா விக்கப் போறீங்க?"
கைதட்டல். இதை எழுதினேன்.

கடைசி வரிசையில் பழனியாண்டி.
அவர் பேசி நான் கேட்டதே இல்லை.
"அதே கட்டடந்தான். மேல் மாடி.
கிராணி மேசை. ஒரு சிவப்புப் பென்சில்.
வேலைநிறுத்தம் முடிஞ்ச மறுநாள்
எங்கப்பா பேரை அடிச்சது வெள்ளைக்காரன் இல்ல,
நம்ம சங்கம்.
கீழ சோறு, மேல கோடு.
காப்பாத்துறதுன்னா எதைக் காப்பாத்துவீங்க?"

கைதட்டல் இல்லை.
துறையில் ஃபெர்ரி ஊதியது.
என் பேனா 'எதை'யில் நின்று
மை ஊறிப் பொட்டு வைத்தது.

ரொம்ப நேரம் கழித்து யோகாம்பாள்
"ரெண்டையும்" என்றார்,
தனக்கே சொல்லிப் பார்ப்பது போல.
"அப்போ பென்சிலுக்கும் ஒரு பலகை மாட்டுவீங்களா?"
அவர் கைப்பையைத் திறந்தார்,
எதையும் எடுக்காமல் மூடினார்.

வாக்கெடுப்பு.
இடிக்க இருபது. காக்க இருபது.
எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
நான் இன்னொரு முறை எண்ணினேன்,
எண்ணிக்கொண்டே இருந்தேன்,
மழை வந்தது.

பினாங்கு மழைக்கு முன்னறிவிப்பு ஏது.
நாடாவுக்கு அடியில் குனிந்து
கட்டடத்தின் அஞ்சடிக்குள் ஓடினோம்,
முதலில் சன்னாசி.
மூன்று இடத்தில் ஒழுகியது,
மற்ற இடத்தில் ஒழுகவில்லை.
இடிக்கச் சொன்ன தோளும் காக்கச் சொன்ன தோளும்
இடிபட்டு நின்றன.
குறிப்பேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.
தெருவுக்கு அந்தப் பக்கம் பழனியாண்டி மட்டும்
நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தார்.
யாரும் கூப்பிடவில்லை. நானும்.

மழை விட்டதும் சன்னாசி கிளம்பினார்.
முதுகு முழுக்கத் தூணின் சுண்ணாம்பு.
அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நான்காம் பொருள், மழையால் ஒத்திவைப்பு
என்று எழுதிவிட்டு
கோயிலுக்குத் திருப்பித் தர நாற்காலிகளை அடுக்கினேன்.
எண்ணினேன்.
ஐம்பத்தொன்பது.